வெறுந்தட்டா, சோத்துத்தட்டா

எங்கள் வீட்டு முன்னறையில், சன்னலுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி கிடக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்தது. அண்ணன் முதல் முதலாகக் கப்பலேறினபோது கொண்டுபோன பெட்டி. கடைசியாக இறங்கி வந்தபோதும் அதையேதான் கொண்டுவந்தான். எத்தனையோ துறைமுகத்தில் எறிபட்டு மிதிபட்டு வந்தும் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. மூடியில் ஒரு ஓரத்தில் மட்டும், இரண்டு விரல் பதிகிற இடத்தில், பச்சை போய்த் தகரம் வெளுத்துத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் துரு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே என்று எனக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டு. அது துரு இல்லை. அண்ணன் சீட்டாடும்போது தட்டித் தட்டித் தேய்ந்த இடம். காலையில் வீடு பெருக்கும்போது அந்த இடத்தையும் துணியால் ஒரு துடைப்புத் துடைப்பேன். துடைக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வந்து நிற்கும். நல்ல வயதில் நான் எந்தக் கேள்விக்கும் திகைத்து நின்றவள் இல்லை. இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் குசினி முழுக்க என் கையில் இருந்தது. என் குழம்பைக் குறை சொன்ன பிள்ளை ஒருத்தியைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். எங்கள் ஆட்கள் கடற்கரைக்காரர்கள். மகன் படிப்புக்கென்று அண்ணன் பாளையங்கோட்டையில் வீடு பிடித்து மைனியையும் பிள்ளையையும் கொண்டுவந்து வைத்தான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். வயதில் என்னைவிட இளையவள்தான், முறையில் மூத்தவள். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. அதனால் நானும் அந்த வீட்டோடு போய்ச் சேர்ந்தேன். மகன் படித்து முடித்து மஸ்கட்டுக்குப் போனான். அண்ணன் கப்பலை விட்டு இறங்கினான். பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அண்ணன் கப்பலில் பண்டாரி. கப்பல் சமையல்காரனை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு சமையல்காரர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வைத்த புளிக்குழம்பை அவன் மோந்து பார்த்துவிட்டு, "கப்பல்ல இதை வச்சா கடல்ல ஊத்திருவானுவ" என்பான். அவன் வறுத்த மீனை நான் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் வேகல, அதான் கப்பல்ல இருந்து இறக்கிவிட்டுட்டான்" என்பேன். மைனி நடுவில் உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டுவிட்டு இரண்டுக்கும் உப்புப் போதாது என்பாள். இப்படி அடித்துக்கொண்டு கிடந்த எங்களை ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார வைத்தது அவன் கப்பலில் பழகிவந்த ஒரு சீட்டாட்டம்.

பிலிப்பைன்ஸ்காரர்களிடம் பழகினது. போக்கர் ஆட்டத்திலேயே அது ஒரு வகை. முழுப் பெயர் என் வாயில் நுழையாது, நாங்கள் லிமிட்டு என்றே சொல்வோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அதை அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறப்பார்கள். கையில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் சேர்த்து யார் பெரியது காட்டுகிறார்களோ அவர்களுக்கு நடுவில் கிடக்கிற முத்தெல்லாம். முத்து என்றால் புளியமுத்து. "முத்துக்குளிச்சவன் பேரன் நான், இங்கன வந்து புளியமுத்துக்கு ஆடுதேன் பாரு" என்று அண்ணன் சிரிப்பான். கப்பலில் இந்த ஆட்டத்துக்கு ஒரு கட்டு வைத்திருந்தார்களாம், ஒருத்தன் சம்பளமும் ஒரேயடியாகப் போய்விடக் கூடாது என்று. அந்தக் கட்டுதான் லிமிட்டு. சீட்டுத் திறக்கத் திறக்க ஒரு சுற்று; முன்சுற்றில் போட்டால் இரண்டு முத்து, பின்சுற்றில் போட்டால் நாலு முத்து. ஆசைப்பட்டு அள்ளிப் போடவும் முடியாது, பயந்து ஒன்றே ஒன்று போடவும் முடியாது. ஆகவே எவ்வளவு போடுவது என்கிற யோசனையே கிடையாது. போடுவதா, போடாமல் விடுவதா, அது ஒன்றுதான் யோசனை. ஒருத்தர் போட்டுவிட்டால் மற்றவர்கள் அதே அளவு போட்டுக் கூட வர வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கீழே வைத்து விலக வேண்டும்.

யாரும் போடாதபோது தானும் போடாமல் விடுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. பெட்டி மேல் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். முறை அவருக்கு இடப்பக்கம் உள்ளவருக்குப் போய்விடும். சொல்லிக்கொடுத்த முதல் நாள் அண்ணன், "தட்டுனா என் பங்கு முடிஞ்சுது, அடுத்த ஆள் பாத்துக்கிடட்டும்னு அர்த்தம்" என்றான். அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் சொன்னது எது பிறகு நினைவில் நிற்கிறது? எங்களுக்கு நின்றது வேறு. ஒரு நாள் அண்ணன் தட்டிக்கொண்டே வந்தான், கடைசியில் கையைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. மைனி, "வெறுந்தட்டைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்காக பாரு, சோறு போடச் சொல்லி" என்றாள். மறுநாளும் அதே மாதிரி தட்டினான். வெறுந்தட்டுதான் என்று நினைத்து மைனி நாலு முத்தை எடுத்துப் போட்டாள். அவன் உடனே அவள் நாலுக்கு நாலு, அதுக்கு மேல் நாலு என்று எட்டு முத்தை முன்னால் தள்ளினான். கடைசியில் திறந்து காட்டினால் மூன்று ஆஸ். எனக்கு வந்த சிரிப்பில், "மைனி, இது வெறுந்தட்டு இல்ல, சோத்துத்தட்டு. சோத்துக்கு அடியில மீனை ஒளிச்சு வச்சிருக்கான்" என்றேன். அன்றைக்குப் பிடித்து எங்கள் வீட்டில் தட்டு இரண்டு வகையாகிவிட்டது. கையில் ஒன்றும் இல்லாமல் தட்டினால் வெறுந்தட்டு. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வந்து விழட்டும் என்று தட்டினால் சோத்துத்தட்டு. அண்ணன் தட்டினால் உடனே மைனி கேட்பாள்: "வெறுந்தட்டா, சோத்துத்தட்டா?" அவன் சீட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு மறுபடியும் இரண்டு தட்டுத் தட்டுவான்.

மைனி போடுகிற ஆள். கையில் முத்து இருந்தால் அவளுக்கு விரல் அரிக்கும். சீட்டு நல்லதோ மோசமோ, முறை வந்தால் போட்டுவிடுவாள். நான் தட்டுகிற ஆள். தோற்பது எனக்குப் பிடிக்காது. போடாதவளுக்குத் தோல்வி ஏது? அண்ணனுக்கு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் பொறுக்காது. என்னிடம் சொல்வான்: "ஏட்டி, நல்ல சீட்டை வச்சுக்கிட்டு ஏன் தட்டுத? நீ தட்டுனா எதிராளிக்கு ஓசியில ஒரு சீட்டுல்லா காட்டுத. அந்தச் சீட்டு அவனுக்குத் தோதா வந்துட்டா? போடு. பாக்கணும்னா விலை குடுத்துப் பாக்கட்டும்." மைனியிடம் திரும்பி வேறு சொல்வான்: "நடுவுல அஞ்சும் விழுந்த பெறவு இனிமே வரதுக்கு ஒண்ணும் இல்ல. அப்ப போடுததுக்கு முன்னால யோசி. நீ போட்டா ஒனக்குக் கீழ உள்ளவன் கூட வருவானா? ஒனக்கு மேல உள்ளவன் மட்டும்தான் வருவான்னா என்னத்துக்குப் போடுத? தட்டிட்டுச் சும்மா இரி." எனக்குப் போடு என்றும் அவளுக்குத் தட்டு என்றும் அவன் சொன்னது அந்தந்த ஆளுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். எனக்கு மட்டும் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து போய்விட்டது. இப்போது யோசித்தாலும் எது எப்போதுக்கு உள்ளது என்று பிரித்து எடுக்க முடியவில்லை.

கப்பலில் தண்ணீரை அளந்து குளித்தவனாகையால் ஊரில் இருக்கும்போது அண்ணன் ஆற்றில்தான் குளிப்பான். ஒரு நாள் காலையில் தாமிரபரணியில் குளித்துக் கரையேறி, துண்டைப் பிழியப் போயிருக்கிறான், வலக்கை வரவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன அண்ணாச்சி என்று கேட்டதற்கு வாய் கோணிக்கொண்டு போய்விட்டது. ஈரத்தோடேயே ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வலப்பக்கம் முழுக்க அசைவில்லை. பேச்சு இல்லை. கண் மட்டும் எங்களைப் பார்த்தது. எங்களை அடையாளம் தெரிந்து பார்த்ததா, சும்மா பார்த்ததா, அதுவும் தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சின்ன வயது, பொறுமையானவர். தலைக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருக்கிறது என்றார். திறந்து எடுத்தால் கொஞ்சம் பேச்சும் நடையும் திரும்பலாம், ஆனால் இந்த வயதில் மேசையிலேயே போய்விடவும் கூடும். எடுக்காமல் மருந்திலேயே பார்த்தால் உயிர் நிற்கலாம், பேச்சு அநேகமாக வராது. கசிவு கூடிவிட்டால் அதுவும் ஆபத்துதான். "இப்படித்தான் செய்யணும்னு நான் சொல்ல முடியாதும்மா. குடும்பத்துல கலந்து நீங்கதான் சொல்லணும்" என்றார். மகனுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டோம். அவன் அழுதான். அழுதுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சரிம்மா" என்றான்.

டாக்டர் கட்டில் பக்கம் வந்து குனிந்து, அண்ணனிடமே கேட்டார். "ஐயா, ஆபரேஷன் பண்ணிரலாமா?"

மைனி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கால்மாட்டில். அண்ணன் டாக்டரைப் பார்த்தான். பிறகு மைனியைப் பார்த்தான். இடக்கையைப் பைய நகர்த்திக் கம்பிக்குக் கொண்டுபோனான். இரண்டு விரல். டக், டக்.

டாக்டர் முகம் தெளிந்துவிட்டது. "சரிங்கிறார் பாருங்க. நல்லா விளங்குது அவருக்கு."

"இல்ல டாக்டர்" என்றாள் மைனி. "வேண்டாங்காக."

"தட்டினாரேம்மா?"

"அதான் சொல்லுதேன். தட்டுனா போடலன்னு அர்த்தம்."

"என்ன போடலை?"

"முத்து."

டாக்டர் என்னைப் பார்த்தார். மைனிக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்திருப்பார். நான் சீட்டாட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு புளியமுத்துக் கணக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கேலி செய்யவில்லை. மறுபடி குனிந்து, "ஐயா, சம்மதம்னா கண்ணை மூடித் திறங்க" என்றார். அண்ணன் கண்ணை மூடினான். திறக்கவில்லை. குறட்டை கேட்டது. மருந்து மயக்கம் என்றார் நர்ஸ். விழித்த பிறகு இன்னொரு தரம் கேட்டோம். மறுபடியும் கம்பியில் டக், டக். "நாம பேசுறது அவருக்கு எவ்வளவு போய்ச் சேருதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா, கை தானா அசையவும் செய்யும்" என்று டாக்டர் சொல்லிவிட்டு, சீக்கிரம் முடிவைச் சொல்லச் சொல்லிப் போனார்.

வெளியே நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கையில் சீட்டு இல்லையே தவிர, எனக்கு ஆட்டத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது, ஆனால் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை. என்றைக்கும் தட்டுகிறவள் நான், அன்றைக்கு எனக்குப் போடத்தான் தோன்றியது. சும்மா விட்டால் நோய்க்கு ஓசிச் சீட்டுக் காட்டுகிற மாதிரி ஆகிவிடாதா? என்றைக்கும் போடுகிற மைனி அன்றைக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான் பைய வாயெடுத்தேன்.

"மைனி, பெரிய சீட்டு கையில இருந்தாலும் அவன் தட்டுவாம்லா. சோத்துத்தட்டா இருந்தா?"

மைனி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஏளா, இங்க யாருக்குக் கண்ணி வைக்காக? டாக்டருக்கா?"

கண்ணி வைக்க எதிராளி வேண்டுமே. கட்டிலில் கிடக்கிறவனுக்கு யார் எதிராளி?

"அவுக வேண்டாம்னு தட்டுனதை நான் வேணும்னு மாத்திச் சொல்லி, கத்திக்குக் குடுத்து, மேசையில போயிட்டாகன்னா?" என்றாள். "என்னால ஏலாது. சேசுவே, என்னால ஏலாது." எழுந்து போய் டாக்டரிடம் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். கையெழுத்துப் போடும்போது அவள் கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், நடுங்கவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அண்ணன் பிழைத்தான். கசிவு கூடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பேச்சு வரவில்லை. வலக்கையும் வரவில்லை. கஞ்சி ஊட்டினால் என் கஞ்சியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பான், அதிலிருந்து ஆள் உள்ளேதான் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொள்வேன். மைனி அதை நம்பமாட்டாள், வாய் கோணலாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்பாள். உட்காரும் அளவுக்கு ஆனபோது பெட்டிக்கு முன்னால் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்துச் சீட்டுப் போட்டோம். இரண்டு சீட்டையும் இடக்கையால் எடுத்து நெஞ்சோடு அணைத்துப் பார்த்தான். முறை வந்ததும் தட்டினான். எங்கள் இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு அவன் தட்டுவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. எந்தச் சீட்டு வந்தாலும் தட்டு. யாராவது போட்டால் சீட்டைக் கீழே வைத்துவிடுவான். ஒரு தரம் அவன் வைத்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டும் ராணி. பழைய அண்ணன் அதை வைத்திருந்தால் எங்களைச் சும்மா விட்டிருப்பானா? மைனியிடம் காட்டினேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் ஏன் காட்டினேன் என்று ஆகிவிட்டது எனக்கு. ஆட்டத்தில் தட்டுவது அவனுக்குப் பொருள் இல்லாத பழக்கமாகிவிட்டது என்றால், ஆஸ்பத்திரியில் தட்டினதுக்கும் பொருள் இல்லை. பொருள் இல்லாத ஒன்றை வைத்தா அவள் முடிவெடுத்தாள்? அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

அப்படியே மழைக்காலம் ஒன்று போனது. ஒரு சாயங்காலம் நடுவில் ராஜா, ஒன்பது, ஐந்து என்று மூன்று விழுந்தது. என் கையில் ராஜாவும் ஒன்பதும் இருந்தது. அடுத்து விழுந்த இரண்டும் ஒன்றுக்கும் உதவாத சீட்டு. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கடைசிச் சுற்று. அண்ணன் தட்டினான். மைனி தட்டினாள். அவனுக்குத்தான் தட்ட மட்டும் தெரியுமே என்ற தைரியத்தில் நான் நாலு முத்தை எடுத்துப் போட்டேன். அவன் சீட்டைக் கீழே வைப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கவில்லை. இடக்கை முத்து டப்பாவுக்குள் போனது. ஒவ்வொரு முத்தாக எடுத்து வைத்தான். நாலு வைத்தான். நிறுத்துவான் என்று பார்த்தேன். இன்னும் நாலு வைத்தான். மைனி சீட்டைக் கீழே போட்டுவிட்டாள். நான் இன்னும் நாலு போட்டேன். அவன் திருப்பிக் காட்டினான், இரண்டு ஐந்து. நடுவில் ஒன்று, ஆக மூன்று ஐந்து; என் இரண்டு சோடியைவிட அது பெரியது. கோணல் வாயால் சிரித்தான். எச்சில் வழிந்தது, சிரித்தான். எத்தனை மாதமாக எங்களுக்கு வலை விரித்துக்கொண்டிருந்திருக்கிறான், திருடன்!

நான் கைதட்டிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மைனியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தட்டு அவனுக்கு மறக்கவில்லை. இரண்டு தட்டும் மறக்கவில்லை. அப்படியென்றால்?

மைனி முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னைக்குச் சொல்லிருங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியில தட்டுனீகளே, அது என்ன தட்டு? வெறுந்தட்டா, சோத்துத்தட்டா?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவளைப் பார்த்தான். பிறகு பெட்டி மேல், அந்த இடத்தில், டக், டக்.

"என்னன்னு சொல்லுங்க" என்றாள் மைனி. மறுபடியும் டக், டக். அவள் கேட்கக் கேட்க அவன் தட்டினான். கடைசியில் அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த விரல் அவள் உள்ளங்கைக்குள்ளும் இரண்டு தரம் அசைந்ததாம். அவள் சொன்னாள்.

அண்ணன் அடுத்த கோடையில் தூக்கத்திலேயே போனான். ஊரார் எல்லாம் நல்ல சாவு என்றார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, மைனி கேட்ட முதல் வார்த்தை, "அது என்ன தட்டா இருக்கும்ளா?" என்பதுதான். எனக்கு ஒரு வார்த்தை போதும் அவளைத் தேற்ற. வெறுந்தட்டுதான் மைனி, வேண்டாம் என்றுதான் சொன்னான், நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தெரிந்தவள் மாதிரி எதிர்ப்பக்கம் சொல்லவும் முடியவில்லை.

நான் இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இன்னொரு பக்கம் வந்து நிற்கிறது. வெறுந்தட்டு என்றால் அவன் பயந்திருக்க வேண்டும்; கடலில் அத்தனை புயல் பார்த்தவன் கத்திக்குப் பயப்படுவானா? சோத்துத்தட்டு என்றால் தெம்போடு இருந்திருக்க வேண்டும்; நீங்கள் போடுங்கள், நான் மேலே போடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவன் கண்ணில் நான் தெம்பைப் பார்க்கவில்லை. பயத்தையும் பார்க்கவில்லை. டாக்டர் சொன்ன மாதிரி கை தானாக அசைந்ததா? அப்படியானால் மைனியைப் பார்த்துவிட்டு ஏன் அசைந்தது? மைனிக்கு அவன் சொன்னது, கடைசிச் சீட்டு விழுந்த பிறகு மேலே உள்ளவன் மட்டும்தான் வருவான் என்றால் தட்டிவிட்டுச் சும்மா இரு என்று. ஆபரேஷன் மேசையில் மேலே உள்ளவன் மட்டும்தானே வருவான்? அதைத்தான் நினைவுபடுத்தினானோ? அப்படியானால் எனக்குச் சொன்ன ஓசிச் சீட்டு என்ன ஆயிற்று? குசினியில் எத்தனை பேர் வந்தாலும் அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். இது எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது நானும் மைனியும்தான் ஆடுகிறோம். அவள் அண்ணன் இருந்த பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டாள். முன்னால் மாதிரி அவள் போடுவதில்லை. அவள் தட்டுகிறாள், நான் தட்டுகிறேன், நடுவில் ஐந்து சீட்டும் சும்மா திறக்கிறது, யாரோ ஒருவர் ஜெயிக்கிறோம், முத்து டப்பாவிலேயே இருக்கிறது. புளியமுத்து பூச்சி பிடிக்கும், அவ்வப்போது வெயிலில் காயவைக்கிறேன். நான் தட்டும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்பாள். என்ன தட்டு? விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பாள். விளையாட்டு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன வாரமும் அப்படித்தான். கடைசிச் சீட்டும் விழுந்துவிட்டது. எனக்கு ஏழும் இரண்டும், நடுவில் உள்ள எதோடும் ஒட்டவில்லை. உலை வைத்துவிட்டு வந்திருந்தேன், மனசெல்லாம் அடுப்பில் இருந்தது. தட்டினேன். மைனி சீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "என்ன தட்டுளா?" என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஒரு தட்டும் இல்ல மைனி. ஒங்க முறை, அவ்வளவுதான்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணன் முதல் நாள் சொன்னதும் கூடவே வந்தது. என் பங்கு முடிந்தது, அடுத்த ஆள் பார்த்துக்கொள்ளட்டும். மைனிக்கும் அது வந்திருக்க வேண்டும். சாதம் கொதித்து மூடி ஆடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு டாக்டர் தட்டுனாரு" என்றாள் மைனி, பைய. "மகன் தட்டுனான். அவுகளும் தட்டுனாக. ஆஸ்பத்திரியில அவுகளுக்கு இடப்பக்கம் நான்தான நின்னேன்?"

"ஆமா மைனி. கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்க."

"ஆட்டத்துலயும் அவுகளுக்கு இடப்பக்கம் நான்தான்."

"ஆமா."

அவனுக்கு வந்த கையே இடக்கைதான், அந்தப் பக்கம்தானே தட்ட முடியும் என்று எனக்கு உடனே தோன்றியது. சொல்லவில்லை. இதுதான் விடையா என்று எனக்குத் தெரியாது. விடை என்றால், உன் இஷ்டம் என்று அவன் அவளிடம் விட்டான் என்று ஆகிறது. விட்டது அன்பிலா, பாரத்தைத் தள்ளிவிட்டானா, அது இன்னொரு கேள்வி. ஒன்றைத் துடைத்தால் அடியில் இன்னொன்று. மைனி என்ன நினைத்தாள் என்றும் நான் சொல்ல முடியாது. அவள் சீட்டை ஒரு தரம் விரித்துப் பார்த்தாள். பிறகு டப்பாவை இழுத்து, கையை விட்டு, நாலு முத்தை எடுத்துப் பெட்டி மேல் வைத்தாள்.

"போடுதேன்" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று! என் கையில் ஒன்றும் இல்லை. அண்ணன் இருந்தால் சீட்டைக் கீழே வைடீ என்று கத்தியிருப்பான். தோற்போம் என்று தெரிந்து நான் ஒரு முத்தும் போட்டவள் இல்லை. நாலு முத்தை எடுத்து அவள் முத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் இரண்டு ஆறைக் காட்டினாள். நான் ஏழையும் இரண்டையும் காட்டினேன்.

"இதை வச்சுக்கிட்டா கூட வந்த? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஒங்க சீட்டைப் பாக்கத்தான் வந்தேன்."

மைனி சிரித்துக்கொண்டே முத்தைத் தன் பக்கம் வாரினாள். சாதம் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. என் வாழ்நாளில் நான் சாதத்தை அடிப்பிடிக்க விட்டதில்லை. எழுந்து ஓடினேன். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, அவள் வாரின முத்தெல்லாம் பெட்டி ஓரத்தில் குவிந்து கிடந்தது. பச்சை போன அந்த இடம் அதற்குக் கீழே எங்கேயோ இருந்தது. காலையில் துடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த சீட்டைக் கலைத்தேன்.